ஏற்றத்தில் ஒரு வலி, இறக்கத்தில் ஒரு வலி: கோத்தகிரிப் பகுதியில் கால் பெருவிரல் மூட்டு பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோத்தகிரியைச் சுற்றியுள்ள தேயிலைச் சரிவுகளில் கொழுந்து பறிக்கும் பெண்கள் முதுகுவலிக்கும் தோள்வலிக்கும் முழங்கால் வலிக்கும் சிகிச்சைக்கு வருகிறார்கள். பாதத்துக்காக வருவது அரிது. வேறு வலிக்காக வந்தவரைக் காலுறையைக் கழற்றச் சொல்லும்போதுதான், பெருவிரலின் அடிமூட்டில் பக்கவாட்டில் துருத்தி நிற்கும் எலும்பும் அதன் மேல் காய்த்துப்போன தோலும் கண்ணில் படுகின்றன. வலிக்கிறதா என்று கேட்டால், "இது ரொம்ப வருடமாக இருக்கிறது, டீச்சர்" என்பார்கள். நெடுநாள் வலியை வலி என்று சொல்லாமலே பழகிவிட்டவர்கள் இவர்கள். இந்த நிகழ்வை விரிவாக எழுதுவதற்கு முதல் காரணம் அதுதான்.

நான் இயன்முறை சிகிச்சையாளர். மாலையில் யோகாசன வகுப்பும் நடத்துகிறேன். இங்கே வரும் பெண்ணும் அவருடைய கணவரும் இதை எழுதச் சம்மதித்திருக்கிறார்கள். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன்.

பெண்ணுக்கு ஐம்பது வயதுக்கு மேல். திருமணமாகி இந்த ஊருக்கு வந்த நாள் முதல் கொழுந்து பறிக்கிறார். அவருடைய தாய்க்கும் பெருவிரல் இப்படித்தான் சாய்ந்திருந்ததாம். ஐப்பசி மழை தொடங்கிய பிறகு வலது கால் பெருவிரல் மூட்டு சிவந்து வீங்கியது. பறித்த இலையைச் சுமந்துகொண்டு எடை போடும் இடத்துக்கு இறங்குவதே பெரும்பாடானது. மகன் கைப்பேசியில் காட்டிய காணொளியைப் பார்த்து, இரண்டு பெருவிரல்களையும் ரப்பர் வளையத்தால் பிணைத்து எதிரெதிரே இழுக்கும் பயிற்சியைச் சில நாள் செய்திருக்கிறார். ஒரு மாதத்தில் எலும்பு நேராகிவிடும் என்று அதில் சொன்னார்களாம். வீக்கம் கூடிய பிறகே என்னிடம் வந்தார்.

மூட்டில் என்ன நடக்கிறது

பக்கத்தில் தெரியும் புடைப்பைப் புதிதாக வளர்ந்த எலும்பு என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் பாதத்தின் முதல் நீள எலும்பு உட்பக்கமாகச் சாய்கிறது; பெருவிரல் அதற்கு எதிராக இரண்டாம் விரலை நோக்கிச் சாய்கிறது; இரண்டும் சந்திக்கும் முனை வெளியே துருத்துகிறது. மருத்துவத்தில் இதற்கு ஹாலக்ஸ் வால்கஸ் என்று பெயர். பரம்பரை உடல்வாகும் முன்பக்கம் குறுகிய காலணியும் இதற்கு வழிசெய்கின்றன. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருகிறது. விரல் ஒருமுறை சாய்ந்துவிட்டால், அதை மடக்கி நீட்டும் நாண்களே அதைச் சாய்ந்த பக்கமாக மேலும் இழுக்கத் தொடங்குகின்றன. விரலை விலக்கிப் பிடிக்க வேண்டிய சிறு தசை அடிப்பக்கமாக நழுவி, விலக்கும் ஆற்றலை இழக்கிறது. ஆகவே, வளர்ந்தவர்களுக்கு ஆசனத்தாலோ தசை நீட்டலாலோ எலும்பின் கோணம் நேராகும் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. வலியைக் குறைக்கலாம், வலுவைக் கூட்டலாம், நடையைத் திருத்தலாம். இதை முதல் நாளே சொல்லிவிடுவது என் வழக்கம்.

மலைவாசிகளுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். நடக்கும்போது குதிகால் தரையை விட்டு எழும் தருணத்தில் பெருவிரல் மேல்நோக்கி வளைகிறது. அப்போது உள்ளங்காலின் தடித்த நார்ப்பட்டை, கிணற்று உருளையில் கயிறு சுற்றி இறுகுவது போல, விரலடி மூட்டைச் சுற்றி இறுகிப் பாத வளைவை உயர்த்துகிறது. ஹிக்ஸ் 1954-இல் விளக்கிய இயக்கம் இது. ஏற்றத்தில் மூட்டு நன்றாக வளைந்தாக வேண்டும். இறக்கத்தில் நடப்பது வேறு: பாதம் காலணிக்குள் முன்னோக்கிச் சரிந்து, விரல்கள் ஒன்றோடொன்று நெருக்கப்பட்டு முனையில் முட்டுகின்றன. ஆகவே, "ஏறும்போது வலியா, இறங்கும்போது வலியா?" என்பது இங்கே நான் தவறாமல் கேட்கும் கேள்வி. அந்தப் பதில் மட்டும் நோயைத் தீர்மானித்துவிடாது. ஆனால் எங்கே தேட வேண்டும் என்று காட்டும்.

முதல் சந்திப்பில் கண்டவை

"இறங்கும்போதுதான். ஏறும்போது மூச்சு வாங்கும், விரல் வலிக்காது" என்றார். இறக்கத்தில் வலியின் அளவு பத்துக்கு ஏழு. வெறுங்காலில் வீட்டுக்குள் நடக்கையில் இரண்டுக்கு மேல் இல்லை. புடைப்பின் மேல் தோல் சிவந்து சூடாக இருந்தது. எலும்புக்கும் தோலுக்கும் இடையிலுள்ள நீர்ப்பை உராய்வால் வீங்கியிருந்தது.

சிவந்து சூடான பெருவிரல் என்றதும் யூரிக் அமில வாதத்தையும் நினைக்க வேண்டும். அது பெரும்பாலும் இரவில் திடீரென்று தாக்கும். போர்வை பட்டால்கூடத் தாங்க முடியாது. இவருக்கு அப்படி ஒருபோதும் நேர்ந்ததில்லை. ஆனாலும் மருத்துவரிடம் அனுப்பினேன். ரத்தத்தில் யூரிக் அமிலமும் சர்க்கரையும் இயல்பாக இருந்தன. காலையில் விறைப்பு சில நிமிடங்களே நீடித்தது, கைவிரல் மூட்டுகளில் வீக்கம் இல்லை, எனவே முடக்குவாதத்துக்கான சாயலும் இல்லை. 10 கிராம் விசை இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்ததில் உணர்ச்சி குறையவில்லை. நீரிழிவால் உணர்ச்சி மரத்த பாதமாக இருந்திருந்தால் அடுத்து எடுத்த முடிவுகள் பலவும் மாறியிருக்கும்.

எக்ஸ்ரே படத்தில் பெருவிரலின் சாய்வு 28 பாகை. 15 பாகை வரை இயல்பு என்று கொள்வார்கள். இது நடுத்தர நிலை. மூட்டின் இடைவெளி நன்றாக இருந்தது. விரலை மேல்நோக்கி வளைத்தால் தடையின்றி வளைந்தது.

குதிகாலைத் தரையில் ஊன்றி முழங்காலால் சுவரைத் தொடச் சொன்னேன். வலது காலில் விரல் நுனி சுவரிலிருந்து 4 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும்வரைதான் தொட முடிந்தது. கெண்டைக்கால் தசை அவ்வளவு இறுகியிருந்தது. கணுக்கால் போதுமான அளவு மடங்காதபோது குதிகால் சீக்கிரமே எழுந்துவிடும், சுமையெல்லாம் விரலடிக்கு வரும். சரிவில் முன்பாதத்தை ஊன்றி நாள் முழுவதும் நிற்கிற வேலையில் இந்த இறுக்கம் தானாகவே வளர்கிறது. பெருவிரலைப் பக்கத்து விரலிலிருந்து விலக்கிக் காட்டுங்கள் என்றபோது விரல் அசையவே இல்லை. ஐந்து விரல்களும் சேர்ந்து தரையைப் பற்றின.

மெட்டியையும் பார்த்தேன். இரண்டாம் விரலில் அகலமான வெள்ளி மெட்டி. சாய்ந்து வந்த பெருவிரல் அதன் விளிம்பில் அழுந்தி, உட்புறத் தோல் புண்ணாகும் நிலையில் இருந்தது. பாதம் பற்றிய வெளிநாட்டுக் கையேடுகளில் மெட்டியைப் பற்றி ஒரு வரி இருக்காது. நம் பெண்களின் காலைப் பார்க்கிறவர் முதலில் பார்க்க வேண்டியவற்றில் அது ஒன்று.

இந்த நிகழ்வின் போக்கைத் தீர்மானித்தது ஒரு தாள். வெறுங்காலில் தாளின் மேல் நிற்க வைத்து, பாதத்தைச் சுற்றி பென்சிலால் கோடு வரைந்தோம். அவர் வேலைக்குப் போடும் ரப்பர் பூட்ஸின் உள்ளடியை எடுத்து அந்தக் கோட்டின் மேல் வைத்தோம். விரலடிப் பகுதியில் பாதம் இரு பக்கமும் உள்ளடியைத் தாண்டி வெளியே நின்றது. அதற்குள் குளிருக்காக இரண்டு ஜோடி காலுறை வேறு. அவர் தாளையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இத்தனை காலம் காலைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்" என்றார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் எலும்பு மருத்துவரின் கருத்தைக் கேட்டோம். அறுவை சிகிச்சை செய்யலாம், ஆனால் இப்போதே தேவையில்லை என்றார். எலும்பை வெட்டித் திருத்தினால் அது ஒன்றுசேர ஆறு வாரங்களுக்குக் குறையாமல் ஆகும். வீக்கம் முழுதும் வடிய மாதங்கள் பிடிக்கும். இலை மிகுந்த பருவத்தில் அத்தனை நாள் கூலியை இழக்க அவரால் முடியாது. காலணியை மாற்றியும் வலி தொடர்ந்தால், பெருவிரல் இரண்டாம் விரலின் மேலோ கீழோ ஏறினால், தோல் புண்ணானால் திரும்ப வர வேண்டும் என்று மூவரும் பேசி முடிவு செய்தோம்.

விரல் நேராவதை இலக்காக வைக்கவில்லை. சுமையோடு எடை போடும் இடம்வரை நிற்காமல் இறங்குவதே இலக்கு. அதை அவரே சொன்னார்.

எந்தப் பயிற்சிக்கும் முன்பு பூட்ஸை மாற்றினோம். நாள் முழுவதும் நசுங்கும் விரலுக்கு மாலையில் கால் மணி நேரம் ஆசனம் செய்து பயனில்லை. ஆனால் பெரிய அளவு பூட்ஸ் என்பது சரிவில் ஆபத்து: கயிறு கட்டி இறுக்க முடியாத ரப்பர் பூட்ஸில் பாதம் கூடுதலாகச் சறுக்கும், விழவும் நேரலாம். பூட்ஸே வேண்டாம் என்று சொல்லவும் முடியாது, அட்டையும் முள்ளும் ஈரமும் உள்ள காட்டில். முன்பக்கம் அகன்ற, ஓர் அளவு பெரிய ஜோடியைத் தேர்ந்து, கடைவீதியில் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து, பாதத்தின் மேற்பகுதி படும் இடத்தில் உள்ளே கம்பளித் துண்டு ஒட்டச் செய்தோம். அது பாதத்தைப் பின்னால் குதிகால் பக்கம் பிடித்து வைக்கிறது. விரல்களுக்கு முன்னே இடம் மிஞ்சுகிறது. காலுறை ஒரே ஜோடி. வீட்டிலும் கடைக்கும் போட்ட, விரலிடுக்கில் வார் உள்ள செருப்புக்குப் பதிலாகப் பின்பக்கம் பட்டை உள்ள அகலச் செருப்பு.

மெட்டியைக் கழற்றுங்கள் என்று நான் சொல்லவில்லை. அழுந்துகிற இடத்தைக் காட்டினேன். மாமியாரிடம் கேட்டுவிட்டு, மெல்லிய கம்பி போன்ற மெட்டிக்கு அவரே மாறினார்.

பயிற்சிகளைக் குறைவாக வைத்தேன். வேலையின் நடுவே தேநீருக்கு உட்காரும்போது பூட்ஸைக் கழற்றி, கைவிரல்களைக் கால்விரல்களுக்கிடையே கோத்து மெல்ல விரிப்பது. பெருவிரலை முன்னோக்கிச் சற்று இழுத்துப் பிடித்துச் சிறு வட்டமாகச் சுழற்றுவது. பக்கவாட்டில் முறுக்குவது கூடாது. வீட்டில் தாடாசனம்: குதிகால், பெருவிரல் அடி, சுண்டுவிரல் அடி ஆகிய மூன்று இடங்களும் தரையில் பதிய, விரல்களை மடக்காமல் பாத வளைவை மட்டும் உயர்த்துவது. அதே நிலையில் மற்ற நான்கு விரல்களும் தரையில் இருக்கப் பெருவிரலை மட்டும் தூக்குவது, பிறகு பெருவிரல் ஊன்றி மற்ற நான்கைத் தூக்குவது. கெண்டைக்காலுக்குச் சுவரில் கை ஊன்றி, பின்காலின் முழங்கால் நேராக அரை நிமிடம், மடங்கிய நிலையில் அரை நிமிடம். நாள் முடிவில் கால்களைச் சுவரில் சாய்த்துப் படுப்பது.

விட்டவற்றையும் சொல்ல வேண்டும். துண்டை விரல்களால் சுருட்டும் பயிற்சியைப் பாத நோய்க்குப் பலரும் தருகிறார்கள். இவருடைய விரல்கள் ஏற்கெனவே நாள் முழுவதும் எதையோ பற்றுவது போல மடங்கியே இருந்தன. அதைப் பழக்கமாக்க நான் விரும்பவில்லை. ரப்பர் வளையத்தை நிறுத்தினோம். பாதாங்குஷ்டாசனத்தில் பெருவிரலைக் கொக்கி போட்டு இழுப்பதையும், கால்விரல்களை மடக்கி (நுனி தரையில் ஊன்றி, விரல்கள் மேல்நோக்கி வளைய) வஜ்ராசனத்தில் அமர்வதையும் சிவப்பு அடங்கும்வரை தள்ளிவைத்தேன். விரல்களுக்கிடையே வைக்கும் சிலிக்கான் துண்டு, வெறுங்காலில் இருக்கும் மாலைப் பொழுதுக்கு மட்டும். குறுகிய காலணிக்குள் அதை வைத்தால் நெருக்கம் கூடும்.

தொடர்ந்து நடந்தவை

பூட்ஸ் மாறிய இரண்டு வாரத்தில் சிவப்பு தணிந்தது. இறக்க வலி ஏழிலிருந்து நான்குக்கு வந்தது. அப்போது தசை வலுவில் எந்த மாற்றமும் வந்திருக்க முடியாது. அந்தக் குறைவு முழுவதையும் காலணியின் கணக்கில்தான் எழுதுகிறேன். விரலைத் தனியே தூக்கும் பயிற்சி அவரைச் சோர்வடையச் செய்தது. மூளையிலிருந்து அந்தத் தசைக்கு வழியே மறந்துபோனதைப் போல விரல் கிடந்தது. கையால் தூக்கி விட்டு, அப்படியே நிறுத்தப் பாருங்கள் அக்கா என்றேன். சில வாரங்களில் விரல் தானாகத் துடிக்கத் தொடங்கியது. அன்று வகுப்பில் இருந்த பெண்களை எல்லாம் அழைத்துக் காட்டினார்.

மார்கழியில் புதிய வலி வந்தது, இரண்டாம் விரலின் அடியில். நடக்க வைத்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது: பழைய வலியின் நினைவில் பெருவிரல் அடியை ஊன்றாமல், சுமையை இரண்டாம் விரலடிக்கு மாற்றி நடந்துகொண்டிருந்தார். பெருவிரல் மூட்டு நோயில் அடிக்கடி நேரும் பின்விளைவு இது. அப்போதுதான் தொடங்கியிருந்த விருட்சாசனத்தை நிறுத்தினோம். ஒற்றைக் காலில் நிற்கும்போது அந்த இடத்தில் அழுத்தம் கூடும். விரலடிக்குச் சற்றுப் பின்னால் வருமாறு ஒரு சிறு மென்திண்டைப் பூட்ஸின் உள்ளடியில் ஒட்டினோம். நடக்கும்போது கடைசியாகத் தரையை விடுவது பெருவிரல் அடியாக இருக்கட்டும் என்று சமதளத்தில் மெதுவாக நடக்கப் பழக்கினோம். காலைக் குளிரில் நேராகக் கெண்டைக்காலை நீட்டாமல், முதலில் வெதுவெதுப்பான நீரில் கால் வைக்கச் சொன்னேன். தை பிறந்தபோது அந்த வலி விலகியிருந்தது. விருட்சாசனத்தைச் சுவரைப் பிடித்துக்கொண்டு மீண்டும் தொடங்கினோம். இரு குதிகால்களையும் சேர்த்து உயர்த்தும் பயிற்சியையும் சேர்த்தோம்.

கணவரின் விரல்

இந்த நிகழ்வில் நான் மிகவும் முக்கியமாகக் கருதுவது இந்தப் பகுதி. கணவர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். இலை வாட்டும் மாடிக்கு ஒரு நாளில் பலமுறை படி ஏறுவார். அவருக்கும் வலது பெருவிரலில்தான் வலி. மனைவி தேறுவதைப் பார்த்து அவரும் கூடவே செய்யத் தொடங்கினார். அதோடு, கால்விரல்களை மடக்கி வஜ்ராசனத்தில் நெடுநேரம் அமர்ந்தும் பார்த்திருக்கிறார். இறுகிய மூட்டு நீட்டினால் இளகும் என்று அவர் நினைத்ததில் வியப்பில்லை. மாசியில் படி ஏற முடியாமல் நொண்டிக்கொண்டு வந்தார்.

"உங்களுக்கு எப்போது வலிக்கிறது, அண்ணா?" என்றேன். "ஏறும்போது. இறங்குவதில் பெரிதாக ஒன்றுமில்லை" என்றார். விரல் நேராக இருந்தது. புடைப்பு பக்கத்தில் இல்லை, மூட்டின் மேற்பக்கத்தில் இருந்தது. மேல்நோக்கி வளைத்தால் ஏறக்குறைய 25 பாகையில் எலும்போடு எலும்பு முட்டி நின்றது. எக்ஸ்ரேயில் மூட்டு இடைவெளி குறுகி, மேல் விளிம்பில் எலும்பு முளை தெரிந்தது. இது மூட்டுத் தேய்மானம். ஹாலக்ஸ் ரிஜிடஸ் என்பார்கள். தசையின் இறுக்கம் தடுத்தால் நீட்டலாம். எலும்பு முளை தடுக்கும்போது வலுவாக வளைத்தால் ஒவ்வொரு முறையும் அந்த இடம் நசுங்கி மூட்டு மேலும் வீங்கும்.

ஒரே வீடு, ஒரே விரல், ஒரே பக்கம்; தேவைப்பட்டது எதிரெதிரான உதவி. மனைவிக்கு விரல் விரியவும் அசையவும் இடம் வேண்டும். கணவருக்கு விரல் வளையாமல் காக்கும் காலணி வேண்டும். முன்பகுதி மடங்காத தடித்த அடியும், முனையில் சற்றே மேல்நோக்கி உருண்ட வடிவமும் கொண்ட ஷூவுக்கு மாறினார். அந்த அடி உருண்டு கொடுப்பதால் மூட்டு அதிகம் வளையாமலே அடியெடுத்து வைக்க முடிகிறது. விரலை மடக்கி அமர்வதையும், பின்காலின் குதிகால் தூக்கிய வீரபத்ராசனத்தையும், விரல் நுனி ஊன்றும் எந்த நிலையையும் நிறுத்தினோம். குதிகால் தரையில் பதிந்த கெண்டைக்கால் நீட்டலும், வலியற்ற எல்லைக்குள் மூட்டை மெல்ல இழுத்து விடுவதும் தொடர்ந்தன. சித்திரையில் படி ஏறும் வலி குறைந்திருந்தது. வளைவு 25 பாகையிலேயே நின்றது.

ஆறு மாத முடிவில்

மனைவியின் இறக்க வலி பத்துக்கு இரண்டு. எடை போடும் இடம்வரை நிற்காமல் இறங்குகிறார். சுவர்ச் சோதனையில் 4 சென்டிமீட்டர் 8 ஆனது. பெருவிரலைத் தனியே தூக்க முடிகிறது; பக்கவாட்டில் விலக்குவது இன்னும் மிகச் சிறிய அசைவே. மெட்டி அழுந்திய தோல் ஆறிவிட்டது.

மீண்டும் தாளில் வரைந்தோம். பழைய கோட்டுக்கும் புதிய கோட்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. புடைப்பு அதே இடத்தில் இருக்கிறது. உறவினர் திருமணத்துக்குக் குறுகிய செருப்பு அணிந்து போன அன்று மூட்டு மறுபடி சிவந்து, சில நாளில் தணிந்தது. இலை அதிகமாக வரும் நாட்களில் மாலையில் வலி எட்டிப் பார்க்கிறது. இவற்றை மறைத்து நிகழ்வை வெற்றிக் கதையாக எழுதினால், அடுத்து வருகிறவர் எலும்பு நேராகும் என்று காத்திருந்து ஏமாறுவார்.

அடுத்த முறை மாற்றப்போவது

பாத வலியோடு வருகிறவர்கள் முதல் நாளே வேலைக்குப் போடும் காலணியைக் கையோடு எடுத்து வர வேண்டும் என்று சொல்லியனுப்புகிறேன். தாளில் வரையும் சோதனைக்குச் செலவு இல்லை, கருவி இல்லை; வகுப்புக்கு வரும் எல்லாருக்கும் செய்யலாம்.

நடையைப் பார்ப்பதைச் சமதளத்தோடு முடிக்காமல், வீட்டுக்கு வெளியே உள்ள சரிவில் ஏறவும் இறங்கவும் வைத்துப் பார்க்கிறேன். இரண்டாம் விரலடிக்குச் சுமை மாறுவதை வலி வருமுன் பிடிக்க அது உதவும்.

வீட்டுக்குக் கொடுக்கும் பயிற்சித் தாளின் தலைப்பிலேயே, விரலை மேல்நோக்கி வளைக்கும்போது மூட்டின் மேற்பக்கம் முட்டி வலிக்கிறவர்கள் இதைச் செய்யக் கூடாது என்று எழுதியிருக்கிறது. ஒரு வீட்டில் ஒருவருக்குத் தரும் பயிற்சியை மற்றவர்களும் செய்வார்கள் என்று கொண்டே தாளைத் தயாரிக்க வேண்டியிருக்கிறது. யோகாசன வகுப்பு நடத்துகிறவர்களிடமும் இதைக் கேட்டுக்கொள்கிறேன்: விரல் மடக்கி அமரும் நிலையை வகுப்பு முழுவதற்கும் ஒரே அளவாகச் சொல்வதற்கு முன், ஒவ்வொருவரின் பெருவிரலும் எவ்வளவு வளைகிறது என்று ஒருமுறை பாருங்கள்.

மனைவிக்கு அடுத்த பரிசோதனை, ஐப்பசி மழைக்கு முன்பே, புதிய பூட்ஸ் வாங்கும் நேரத்தில். கணவரின் மூட்டை எலும்பு மருத்துவர் ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்பார். எலும்பு முளையை மட்டும் செதுக்கி எடுக்கும் சிகிச்சை தேவையா என்பதை அப்போது முடிவு செய்வார்கள்.